கல்லில் இல்லாத பெயர்கள்: பழைய யுத்த நினைவு நூல்களைத் தேடுதலும் வாசித்தலும்

உஹத் போர் ஓய்ந்த வேளையில் எழுபது பேரளவில் ஷஹீதாகியிருந்தனர். காயப்பட்டும் களைத்தும் போயிருந்த தோழர்களால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கப்று வெட்ட இயலவில்லை. ஒரே கப்றில் ஒருவருக்கு மேற்பட்டோரை அடக்கும்படி நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். யாரை முதலில் வைப்பது? கோத்திரப் பெருமையையோ செல்வத்தையோ அவர்கள் விசாரிக்கவில்லை. குர்ஆனை அதிகம் அறிந்திருந்தவர் யார் என்று கேட்டு, அவரையே முன்னால் வைத்தார்கள்.

இச்சம்பவத்தை இஸ்லாம் பாடத்தில் நாம் படித்திருக்கிறோம். இதனோடு சேர்ந்த இன்னொரு விடயத்தை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. இப்னு இஸ்ஹாக் தொகுத்து, பின்னர் இப்னு ஹிஷாம் செம்மைப்படுத்திய ஸீரா நூலில் பத்ரில் கலந்துகொண்டோரின் பெயர்களும் உஹதில் ஷஹீதானோரின் பெயர்களும் கோத்திரவாரியாகப் பட்டியலிடப்பட்டுள்ளன. இன்னாரின் மகன் இன்னார் என்று அப்பட்டியல் நீண்டு செல்கிறது. கதையை வாசிக்கும் ஆர்வத்தில் நாம் அந்தப் பக்கங்களைப் புரட்டிவிடுகிறோம். ஆனால் பெயர் காக்கப்படவேண்டும் என்று அந்த ஆசிரியர்கள் எண்ணியிராவிட்டால் அவர்களுள் பலரை இன்று நாம் அறிந்திருக்கவே மாட்டோம்.

யுத்தத்தில் இறந்தோரை நூலில் நினைவுகூரும் வழக்கம் இவ்வாறு பழைமையானது. இக்கட்டுரை அவ்வழக்கத்தின் பிற்கால வடிவமொன்றைப் பற்றியது. முதலாம் உலக மகா யுத்தத்தின் பின் கல்லறைகள், நினைவுத்தூபிகள், போர்க்களங்கள் பற்றி வெளிவந்த நூல்களை இன்று உலகெங்கும் பலர் தேடிச் சேகரிக்கின்றனர். அந்நூல்கள் எவை? அவற்றை எப்படி வாசிப்பது? மாணவிகளாகிய நாம் அவற்றிலிருந்து எதைக் கற்கலாம்?

1. ஏன் இத்தனை நூல்கள் தோன்றின?

1914 முதல் 1918 வரை நீடித்த அந்த யுத்தத்தில் பிரித்தானியப் பேரரசுக்காகப் போரிட்டு இறந்தோரின் கல்லறைகளைப் பராமரிக்க 1917 மே மாதத்தில் பேரரசு யுத்தக் கல்லறைகள் ஆணைக்குழு அமைக்கப்பட்டது. அதனை உருவாக்கப் பாடுபட்டவர் ஃபேபியன் வேர் என்பவர். 1960 முதல் இது பொதுநலவாய யுத்தக் கல்லறைகள் ஆணைக்குழு என அழைக்கப்படுகிறது. இரு உலக யுத்தங்களிலும் இறந்த சுமார் 17 இலட்சம் பேரின் நினைவு இன்று அதன் பொறுப்பில் உள்ளது.

ஆணைக்குழு இரண்டு முக்கிய முடிவுகளை எடுத்தது. உடல்கள் தாயகத்துக்குக் கொண்டுவரப்படமாட்டா என்பது ஒன்று. தளபதியாயினும் சாதாரணச் சிப்பாயாயினும் ஒரே அளவான நடுகல்லே வைக்கப்படும் என்பது மற்றையது. இம்முடிவுகளை எல்லோரும் ஏற்கவில்லை. தம் பிள்ளையின் கப்றைத் தம் ஊரிலேயே வைத்திருக்க விரும்பிய தாய்மார் பலர். யுத்தத்தில் மூன்று மகன்மாரை இழந்த ஃப்ளோரன்ஸ் செசில் சீமாட்டியின் பெயரில் 1919இல் ஒரு மனு சமர்ப்பிக்கப்பட்டது. தம் பிள்ளைகளின் கல்லறைக்குச் சிலுவை அடையாளத்தையேனும் அனுமதிக்குமாறு கேட்ட அம்மனுவில் 8,000க்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்டிருந்தனர். 1920 மே மாதத்தில் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் இது பற்றிச் சூடான விவாதம் நடந்தது. இறுதியில் ஆணைக்குழுவின் கொள்கையே நிலைத்தது.

இதன் விளைவு என்ன? பிரான்ஸிலும் பெல்ஜியத்திலும் எகிப்திலும் ஈராக்கிலும் கிடக்கும் கல்லறைகளைப் பெரும்பாலான தாய்மார் வாழ்நாளில் ஒரு தடவையேனும் பார்க்கப் போவதில்லை. கடல் கடக்க வசதியில்லாத குடும்பத்துக்கு அந்தக் கல்லறைக்குப் பதிலாகக் கைக்கு எட்டியது ஒரு நூல்தான். இந்நூல்களைக் கையில் எடுக்கும்போது முதலில் நினைவில் கொள்ளவேண்டியது இதுவே. இவை அலமாரியை அலங்கரிப்பதற்காக அச்சிடப்பட்டவை அல்ல. போக முடியாதவர்களுக்காக அச்சிடப்பட்டவை.

2. நூல்களின் வகைகள்

இந்நூல்களை ஐந்து வகையாகப் பிரித்து நோக்கலாம்.

முதலாவது, விளக்க நூல்கள். பிரித்தானிய நூதனசாலையின் பணிப்பாளராயிருந்த ஃப்ரெடரிக் கென்யன் 1918இல் வெளியிட்ட அறிக்கை, மயானங்கள் எவ்வாறு அமைக்கப்படும் என்பதை விளக்கியது. அடுத்த ஆண்டு, எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங் பொதுமக்களுக்காக 'வீழ்ந்தோரின் கல்லறைகள்' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு சிறு நூலை எழுதினார். கிப்ளிங்கின் ஒரே மகன் 1915இல் லூஸ் போரில் 18 வயதில் காணாமற்போனான். தந்தை வாழ்ந்த காலத்தில் அவனது கல்லறை கண்டறியப்படவில்லை. இதை அறிந்துகொண்டு வாசித்தால் அச்சிறு நூலின் நிதானமான வரிகளுக்குள் ஒரு தகப்பனின் துயரமும் தெரியும்.

இரண்டாவது, வழிகாட்டி நூல்கள். பிரான்ஸின் மிஷலின் டயர் கம்பனி 1917 முதல் போர்க்கள வழிகாட்டிகளை வெளியிட்டது. யுத்தம் முடியுமுன்னரே இத்தொடர் தொடங்கியமை கவனிக்கத்தக்கது. எந்த வீதியால் செல்வது, எங்கே திரும்புவது, எங்கே நிறுத்திப் பார்ப்பது என்பவற்றை அவை சொல்கின்றன. ஒரே தெருவின் யுத்தத்துக்கு முந்திய படத்தையும் பிந்திய படத்தையும் அடுத்தடுத்துத் தருகின்றன. அதே நூலில் டயர் விளம்பரமும் இருக்கும்! துக்கமும் வியாபாரமும் ஒரே அட்டைக்குள் அடங்கியிருப்பது இவ்வகையின் விசித்திரம். யுத்தத்தின்போது பிரான்ஸில் தாதியாகப் பணிபுரிந்த பியட்ரிஸ் பிரைஸ் என்ற பெண்மணி பெல்ஜியத்தின் ஈப்பர் போர்க்களம் பற்றி 1927இல் வெளியிட்ட நூலும் இவ்வகையில் அடங்கும். மிகப் பிற்காலத்தில், 1976இல், இலண்டன் பேரரசு யுத்த நூதனசாலையில் பணியாற்றிய ரோஸ் கூம்ஸ் என்ற பெண்மணி மேற்குப் போர்முனைக்கு எழுதிய வழிகாட்டியைப் பயணிகள் நீண்டகாலம் கையோடு கொண்டு சென்றனர். யுத்த நினைவு என்பது ஆண்கள் மட்டும் எழுதிய துறை என நினைப்போருக்கு இவ்விரு நூல்களும் பதில்.

மூன்றாவது, பட நூல்கள். சிட்னி ஹர்ஸ்ட் 1929இல் தொகுத்த 'மௌன நகரங்கள்' பிரான்ஸ், பெல்ஜியம் ஆகிய நாடுகளிலுள்ள மயானங்களின் புகைப்படங்களைக் கொண்டது. மகனின் கல்லறை இருக்கும் இடம் எப்படியிருக்கும் என்று கேட்ட குடும்பத்துக்கு அது ஒரு விடை.

நான்காவது, படைப்பிரிவுகளின் வரலாறுகள். இவற்றை எழுதியோர் பெரும்பாலும் அதிகாரிகள். எனவே அதிகாரிகளின் பெயர் நிறைந்தும் சிப்பாய்களின் பெயர் அருகியும் இருக்கும்.

ஐந்தாவது, பெயர்ப் பதிவேடுகள். சேகரிப்போர் பலர் இவற்றை அழகற்றவை என ஒதுக்குவதுண்டு. ஆனால் உள்ளவற்றுள் உயிரோட்டமானவை இவையே. ஒவ்வொரு மயானத்துக்கும் நினைவுத்தூபிக்கும் ஆணைக்குழு பதிவேடு அச்சிட்டது. ஒரு பிரதி அந்த இடத்திலேயே சிறு பெட்டியொன்றில் வைக்கப்பட்டது. குடும்பங்களுக்குப் படிவம் அனுப்பி வயது, பெற்றோர் பெயர், முகவரி ஆகியவற்றைக் கேட்டறிந்து சேர்த்தனர். இதனால் கல்லில் படைப்பிரிவும் பதவியும் பெயருமாக நிற்பவர், பதிவேட்டில் இன்னாரின் மகன், இன்ன ஊரைச் சேர்ந்தவர் என்று வருகிறார். சில இடங்களில் இன்னாளின் கணவர் என்றும் வருகிறார். கல்லில் அவர் படைவீரர். நூலில் அவர் ஒரு வீட்டுப் பிள்ளை.

3. முஸ்லிம் வீரர்களின் தடம்

இந்நூல்களுக்கும் எமக்கும் என்ன தொடர்பு என்று யாரும் கேட்கலாம். அன்றைய இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்ற படையில் பஞ்சாபையும் எல்லைப்புறத்தையும் சேர்ந்த முஸ்லிம்கள் பெருந்தொகையினர். காயப்பட்டோர் இங்கிலாந்தின் தென்கரை வைத்தியசாலைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அங்கு இறந்த முஸ்லிம்களை நல்லடக்கம் செய்வதற்காக, 1889இல் கட்டப்பட்ட ஷாஜஹான் பள்ளிவாசல் அமைந்துள்ள வோக்கிங் நகரில் ஒரு மையவாடி ஒதுக்கப்பட்டது. முஸ்லிம் வீரர்கள் மார்க்க முறைப்படி அடக்கப்படுவதில்லை என ஜேர்மனி பிரசாரம் செய்துவந்தமையும் இதற்கு ஒரு காரணம். வளைவுகளும் குவிமாட வாயிலும் கொண்ட அதன் மதிற்சுவர் 1917இல் நிறைவுற்றது. 1960களின் பிற்பகுதியில் அங்கிருந்த ஜனாஸாக்கள் புரூக்வுட் இராணுவ மயானத்துக்கு மாற்றப்பட்டன. பழைய மையவாடி 2015 முதல் சமாதானப் பூங்காவாக விளங்குகிறது.

பிரான்ஸில் நெவ் ஷபெல் என்ற கிராமத்தில் 1915 மார்ச் மாதம் கடும் போர் நடந்தது. இந்தியப் படையினர் பெரும் பங்காற்றிய அவ்விடத்தில் ஹெர்பட் பேக்கர் வடிவமைத்த நினைவுத்தூபி 1927 ஒக்டோபர் 7ஆம் திகதி திறந்துவைக்கப்பட்டது. கல்லறை அறியப்படாத 4,700க்கும் மேற்பட்ட இந்தியப் படையினரின் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. இறைவன் ஒருவனே என்ற கருத்தமைந்த வாசகம் அதன் தூணில் அரபு உட்படப் பல மொழிகளில் உள்ளது. அதைத் திறந்துவைத்தவர் பெர்க்கன்ஹெட் பிரபு. இவர் எஃப். ஈ. ஸ்மித் என்ற தம் பழைய பெயரில், மெரிவெதர் என்பவருடன் சேர்ந்து பிரான்ஸில் போரிட்ட இந்தியப் படையின் வரலாற்றை யுத்தம் முடியுமுன்னரே நூலாக எழுதியவர். அந்த வரலாற்று நூலையும் தூபியின் பெயர்ப் பதிவேட்டையும் அருகருகே வைத்து வாசிப்பவருக்கு ஒரு பாடம் கிடைக்கும். வரலாற்று நூல் படை எப்படி முன்னேறியது என்று சொல்கிறது. பதிவேடு எந்தக் கிராமங்கள் பிள்ளைகளை இழந்தன என்று சொல்கிறது.

4. எழுதப்படாதவை

இங்கேதான் பாடத்தின் முக்கிய பகுதி வருகிறது. எல்லோரும் சமம் என்று ஆணைக்குழுவின் நூல்கள் கூறின. ஐரோப்பாவில் அக்கொள்கை பெரும்பாலும் பின்பற்றப்பட்டது. ஏனைய இடங்களில் நடந்தது வேறு.

ஈராக்கின் பஸ்ரா நினைவுத்தூபி 1929இல் திறக்கப்பட்டது. அதில் 40,000க்கும் மேற்பட்டோர் நினைவுகூரப்படுகின்றனர். பிரித்தானியரின் பெயர்களும் இந்திய அதிகாரிகளின் பெயர்களும் கல்லில் பொறிக்கப்பட்டன. இந்தியச் சாதாரணச் சிப்பாய்களோ படைப்பிரிவின் பெயருக்குக் கீழே வெறும் எண்ணிக்கையாக மட்டும் குறிக்கப்பட்டனர். கிழக்கு ஆபிரிக்காவில் நைரோபி, மொம்பாசா, தாருஸ்ஸலாம் ஆகிய நகரங்களில் ஆபிரிக்க வீரர்களுக்கும் சுமைதூக்கிகளுக்கும் சிலைகள் எழுப்பப்பட்டன. அச்சிலைகளில் அவர்களுள் ஒருவரது பெயரும் இல்லை. சுமை தூக்கியவர்களிலும் துப்பாக்கி ஏந்தியவர்களிலும் முஸ்லிம்கள் பலர் இருந்தனர்.

2021 ஏப்ரல் மாதத்தில் ஆணைக்குழுவே நியமித்த ஆய்வுக் குழு இதனை ஒப்புக்கொண்டு அறிக்கை வெளியிட்டது. இந்தியா, கிழக்கு மற்றும் மேற்கு ஆபிரிக்கா, எகிப்து, சோமாலியா ஆகிய பகுதிகளைச் சேர்ந்த 45,000 முதல் 54,000 வரையானோர் சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டனர் எனவும், குறைந்தது 116,000 பேர், சிலவேளை 350,000 பேர் வரை, பெயரால் நினைவுகூரப்படவில்லை அல்லது நினைவுகூரப்படவே இல்லை எனவும் அது மதிப்பிட்டது. ஆணைக்குழு மன்னிப்புக் கோரியது.

நூறு ஆண்டுகளின் பின் அந்த உண்மை எப்படி வெளிவந்தது? பழைய அறிக்கைகள், கடிதங்கள், பதிவேடுகள் ஆகியவற்றை ஆய்வாளர்கள் மீண்டும் எடுத்து வாசித்ததால் வெளிவந்தது. யாரை விட்டுவிடுவது என்று தீர்மானித்தவர்களும் அத்தீர்மானத்தைக் காகிதத்தில் எழுதியே வைத்திருந்தனர். அக்காகிதங்கள் பயனற்றவை என்று எறியப்பட்டிருந்தால் மன்னிப்புக் கேட்கவும் யாரும் இருந்திருக்கமாட்டார்கள்.

எனவே ஒரு நினைவு நூலை இரண்டு முறை வாசிக்கவேண்டும். முதல் முறை, அதில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று. இரண்டாம் முறை, யார் அதில் இல்லை என்று.

5. கல்லும் நகரும்

கல் நிலையானது, காகிதம் அழிவது என்பது பொதுவான எண்ணம். யுத்த நினைவு வரலாறு இதற்கு மாறாகவும் பேசுகிறது. சூயஸ் கால்வாயின் தென்முனையில் இருந்த போர்ட் தௌபீக் நினைவுத்தூபி சுமார் 4,000 இந்தியப் படையினருக்காக 1926இல் திறக்கப்பட்டது. எகிப்து – இஸ்ரேல் மோதல்களில் சேதமடைந்து அது இடிக்கப்பட்டது. 1980இல் கெய்ரோவின் ஹீலியோபொலிஸ் மயானத்தில் அதற்குப் பதிலாக வேறொரு நினைவுச்சின்னம் எழுந்தது. பஸ்ரா தூபியும் 1997இல் ஈராக் அரசின் ஆணைப்படி நகருக்கு வெளியே பெயர்த்துக் கொண்டுசெல்லப்பட்டது. எமது கொழும்பில், லட்யன்ஸ் வடிவமைத்த யுத்த வீரர் நினைவுத்தூணும் காலிமுகத்திடலிலிருந்து இன்றைய விகாரமகாதேவி பூங்காவுக்கு இடம்மாறியதே. இவை முன்பு எங்கே, எப்படி நின்றன என்று பழைய நூல்களின் படங்களே சொல்கின்றன.

அதற்காக நூல் அழியாதது என்றும் கூறிவிட முடியாது. 1981இல் யாழ்ப்பாணப் பொதுசன நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் சாம்பலானதை நாம் மறக்கவில்லை. ஒரு பெயர் ஒரே இடத்தில் மட்டும் இருக்குமானால் அது ஆபத்திலேயே இருக்கிறது. கல்லிலும் இருக்கவேண்டும், காகிதத்திலும் இருக்கவேண்டும், பிரதியிலும் இருக்கவேண்டும்.

6. பழைய நூலைச் சோதிக்கும் முறை

பழைய நூலொன்று கைக்குக் கிடைத்தால் பின்வருவனவற்றைக் கவனியுங்கள்.

அ. தலைப்புப் பக்கத்தையும் அதன் மறுபக்கத்தையும் பாருங்கள். வெளியான ஆண்டு, பதிப்பு, அச்சகம் ஆகியன அங்கே இருக்கும். ஆண்டு இல்லையேல் விளம்பரங்களும் முன்னுரையின் திகதியும் உதவும்.

ஆ. உள்ளடக்கத்தில் கூறப்பட்ட படங்களும் மடிப்பு வரைபடங்களும் உள்ளனவா என எண்ணிப் பாருங்கள். வழிகாட்டி நூல்களில் முதலில் காணாமற்போவது வரைபடமே.

இ. மறுபதிப்பா, மூலப் பதிப்பா என்று உறுதிசெய்யுங்கள். வாசிப்புக்கு மறுபதிப்புப் போதும். அதைப் பழைய நூல் என்று எண்ணிப் பணம் கொடுத்துவிடக் கூடாது.

ஈ. முந்திய உரிமையாளரின் கையெழுத்து, அன்பளிப்பு வரிகள், நூலக முத்திரை, பக்கங்களுக்கிடையே உலர்ந்த பூ, பயணச்சீட்டு, கடிதம் ஆகியவற்றை அகற்றாதீர்கள். இருந்த பக்கத்தின் எண்ணைக் குறித்துவையுங்கள். பதிவேட்டில் ஒரு பெயரின் அருகே யாரோ பென்சிலால் இட்ட சிறு கோடு, அந்த நூல் ஏன் வாங்கப்பட்டது என்பதைச் சொல்லிவிடலாம்.

உ. நூலக முத்திரை இருந்தால், அது முறைப்படி விற்கப்பட்டதா என்று கேளுங்கள். பொதுச் சொத்தை அலமாரியில் வைத்திருப்பது சேகரிப்பல்ல, அமானிதத்தை மீறுவதாகும்.

பாதுகாப்பு முறையும் எளிதே. அக்காலக் காகிதம் பெரும்பாலும் மரக்கூழால் ஆனது. அமிலத்தன்மையால் மஞ்சளாகி நொறுங்கும். படங்கள் அச்சிட்ட பளபளப்பான தாள் ஈரம் பட்டால் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். சிறு நூல்களின் கம்பி துருப்பிடித்துத் தாளை அரிக்கும். எமது காலநிலையில் ஈரலிப்பு, பூஞ்சணம், கறையான் ஆகியன பெரும் எதிரிகள். நூலைச் சுவரோடு ஒட்டாமல், காற்றோட்டமான அலமாரியில், வெயில் படாமல் வையுங்கள். கிழிந்த தாளுக்குப் பசை நாடா ஒட்டாதீர்கள். காலப்போக்கில் அது கறையாகிவிடும். கழுவி உலர்த்திய கையால் புரட்டுங்கள். குறிப்பு எழுதவேண்டுமாயின் தனித்தாளில், பென்சிலால் எழுதுங்கள்.

7. எங்கே தொடங்குவது?

பெற்றோருக்கு இரண்டு ஐயங்கள் எழலாம். ஒன்று, இது பணம் படைத்தோரின் பொழுதுபோக்கல்லவா என்பது. மற்றையது, யுத்தம் பற்றிய நூல்களைச் சேர்ப்பது பெண்பிள்ளைகளின் மனதைக் கடினப்படுத்தாதா என்பது.

முதலாவதற்கு விடை: காப்புரிமை முடிந்த பழைய நூல்கள் பல இன்று இணைய நூலகங்களில் இலவசமாக வாசிக்கக் கிடைக்கின்றன. பொதுநலவாய ஆணைக்குழுவின் பெயர்ப் பட்டியலையும் இணையத்தில் யாரும் தேடலாம். கொழும்பு தேசிய நூதனசாலை நூலகமும் சுவடிகள் திணைக்களமும் ஆய்வாளருக்கு உதவுகின்றன. ஒரு நல்ல குறிப்புக் கொப்பியே முதல் சேகரிப்பாகலாம்.

இரண்டாவதற்கு விடை: யுத்தத்தைப் பெருமையாகப் பேசும் மனம் எண்ணிக்கையை விரும்பும். பெயர், வயது, ஊர், தாயின் பெயர் என்று வாசிக்கும் மனத்துக்கு யுத்தம் இனிக்காது. கப்றுகளைத் தரிசிப்பது மறுமையை நினைவூட்டும் என்பது நபிகளார் கற்பித்த பாடம். உண்மையான நினைவு நூலொன்று செய்யும் வேலையும் அதற்கு நெருங்கியதே.

எமது நாட்டில் கண்டியிலும் திருகோணமலையிலும் இரண்டாம் உலக யுத்தகால மயானங்கள் உள்ளன. பிரித்தானியரோடு கிழக்கு ஆபிரிக்கரும் இந்தியரும் இலங்கையரும் கண்டி மயானத்தில் துயில்கின்றனர். அங்கு செல்லும் மாணவி ஒரு நடுகல்லைத் தெரிந்து, பெயரை எழுதிவந்து, ஆணைக்குழுவின் பதிவில் தேடிப் பார்க்கலாம். யாரின் மகன் அவர்? எவ்வூர்? அவ்வூருக்கும் கண்டிக்கும் எவ்வளவு தூரம்? இக்கேள்விகளுடன் வகுப்பறையில் ஒரு பக்கக் கட்டுரை எழுதினால் அது பாடப்புத்தகத்தில் இல்லாத வரலாறாக அமையும்.

இன்னொரு வேலையும் உண்டு. எமது நாடும் நீண்ட யுத்தமொன்றைக் கண்டது. ஒவ்வோர் ஊரிலும், ஒவ்வொரு சமூகத்திலும் இழக்கப்பட்டோர் உண்டு. அவர்களுள் பலரது பெயர்கள் மூத்தோரின் நாவில் மட்டுமே இருக்கின்றன. உம்மும்மாவிடம், வாப்பும்மாவிடம், அயல்வீட்டு மூதாட்டியிடம் உட்கார்ந்து கேட்டு, பெயரைத் திருத்தமாக எழுதி, திகதியிட்டு, இரண்டு பிரதி எடுத்து வைப்பது யாராலும் செய்யக்கூடியது. கேட்கும்போது அவர் அழுதால் பேனாவைக் கீழே வையுங்கள். அவர் மீண்டும் பேசத் தொடங்கும்போது எழுதுங்கள்.

பஸ்ராவில் எண்ணிக்கையாகிப்போன சிப்பாய்களுக்கும் பெயர் வைத்த ஒரு தாய் இருந்தாள். அந்தப் பெயரை எழுதவேண்டியவர்கள் எழுதவில்லை. எமது கையில் பேனா இருக்கும்போது அதே தவறை நாம் செய்யாதிருப்போமாக.